காபரேட்டர் கைராசியில் ஓடாது

"ஆர்ட்ஸ் படிக்கிறவங்களுக்கு காபரேட்டர் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். போன லீவுல எங்கள் கூட்டாளி ஒருவனின் பழைய யமஹா டிடி 125 கினிகத்தேனை இறக்கத்தில் பிஸ்டன் பிடித்து நின்றது. பின்சில்லு இறுகி, ஆளும் வண்டியும் கானுக்குள். பின்னால் பஸ் வராததால் பிழைத்தான். அதனால்தான் எழுதுகிறோம்.

அந்த வண்டியை டியூன் பண்ணிய பாஸ் சொன்ன விளக்கம் ஒன்றே ஒன்று: "வண்டிக்கு ராசியில்ல தம்பி." இந்த ராசிக் கதையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

நடந்தது இதுதான். ஓயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெற்றோலிலேயே ஓயில் கலந்து ஓடுகிற ரெண்டு ஸ்ட்ரோக் அது. பெற்றோல் குறைந்தால் ஓயிலும் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைவு. அங்கே பெரிய ஜெட் போட்டால் பெற்றோல் மிஞ்சி வண்டி புகைக்கும், இழுக்காது. அதனால் சின்ன மெயின் ஜெட் போட்டார்கள். சரி. ஆனால் அதே ஜெட்டோடு ஏறத்தாழ 600 மீற்றரில் இருக்கிற நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கினால் காற்று அடர்த்தியாகிறது, பெற்றோல் பற்றாமல் எஞ்சின் கொதிக்கிறது. போதாததற்கு எக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறக்கம்: எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஓயிலோ சொட்டுத்தான். இதில் ராசி எங்கே வந்தது?

சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரையும் கழற்றினால் பெரிய ஜெட் வேண்டும். மலை ஏறினால் சின்ன ஜெட் வேண்டும். ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிறது. கொழும்பில் இருந்து ஒருத்தர் வீடியோவில் சொன்ன நம்பர் றொசல்லவுக்கு எப்படிச் சரிவரும்?

எக்சிலேட்டரின் தொடக்கத் திருகலில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், நடுவில் ஊசியின் கிளிப், முழுத் திருகலில் மெயின் ஜெட். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாத்தணும். ஆளில்லாத இடத்தில், புது பிளக் போட்டு முழுத் திருகலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பாருங்கள். பிளக் சாயத் தேத்தண்ணி நிறமென்றால் நல்லது. வெள்ளையென்றால் பெற்றோல் குறைவு, ஆபத்து. ஈரக் கறுப்பென்றால் கூடுதல். கம்பியால் ஜெட்டைக் குடைகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீங்க. துளை எவ்வளவு பெருத்தது என்று அவருக்கே தெரியாது. நீண்ட இறக்கத்தில் இடைக்கிடை கிளட்சைப் பிடித்து எக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகுங்கள்.

பாஸ்மாரைத் திட்டுவது எங்கள் நோக்கமல்ல. அவர்களுக்கும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் விளக்கம் இல்லாத வேலை ரகசியமாகிறது. அந்த ரகசியத்தை நம்பி கோலையாப் பையன்கள் வருசக்கணக்கில் சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நிற்கிறார்கள். தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் வைத்துத் தரம் சொல்கிற டீமேக்கரை நிபுணர் என்கிறோம். பிளக்கின் நிறத்தைப் படிக்கிறவனை "பைக்கோட சுத்துற பய" என்கிறோம். இது என்ன நியாயம்?

எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. நாங்கள் எல்லோரும் விரும்பியா ஆர்ட்ஸ் எடுத்தோம்? எங்களுக்குக் கிடைக்காத பௌதிகவியல் ஆய்வுகூடம் ரோட்டோரக் கராஜில் இருக்கிறது. அதையும் ராசி என்று மூடி வைக்காதீர்கள்.

வேலையில் கற்றதைச் சோதித்து என்.வீ.கியூ. சான்றிதழ் தரும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. தொழிற்சங்கங்களும் இளைஞர் கழகங்களும் அதைக் கராஜ் வாசலுக்குக் கொண்டுவரட்டும். அதுவரைக்கும் ஒரு கொப்பி வாங்குங்கள். ஊர், உயரம், மழையா வெயிலா, ஜெட் நம்பர், பிளக் நிறம் எழுதுங்கள். அடுத்த பையன் அதைப் படிக்கட்டும். எங்கள் கூட்டாளியின் கொப்பியில் முதல் வரி ஏற்கெனவே எழுதியாச்சு: கினிகத்தேனை, பிளக் வெள்ளை.