அண்டா வாங்கிக் கொடுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று. அதைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணினேன்: பதினொன்று. அதில் இரண்டுதான் வாங்குகிறவருடையவை. எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் தரையைப் பார்க்கிறார். மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பின்னால் ஃபிளெக்ஸ். அதில் நன்கொடையாளர்களின் முகங்கள் பாஸ்போர்ட் அளவில் வரிசையாக.

ஃபிளெக்ஸோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. 'மறுபடியுமா?' என்று அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் தாண்டிப் போய்விடலாம். காதுகுத்துக்கு வைக்கட்டும், கண்ணீர் அஞ்சலிக்கு வைக்கட்டும், தலைவரின் பிறந்த நாளுக்கு நடைபாதையையே மறைத்து வைக்கட்டும். முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போகிறேன். ஆனால் அரிசி வாங்க வந்தவரை அதற்கு முன்னால் நிறுத்துவது எந்த வேதத்தில் இருக்கிறது? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று போதிக்கிற மதம் வேறு. இங்கே பதினொரு கைக்கும் தெரிந்து, செல்போன் வைத்திருக்கிற ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளின் பேரன் படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கும்.

படத்தை அனுப்பியது எங்கள் பக்கத்துத் தேவாலயம் ஒன்று. பெயர் வேண்டாம். அவர்களுடைய உதவித் திட்டம் நல்ல திட்டம்தான். வேலை போனவர்களுக்கு மாதாமாதம் மளிகை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரப் பணம், நடுராத்திரியில் கூப்பிட ஒரு எண். மனதாரப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கான விண்ணப்பத்தில் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், சபை அங்கத்தினர் ஒருவரின் சிபாரிசு என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் எனக்கு அசன ஞாபகம் வந்துவிட்டது. இனி திட்டம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும், நாம் தெற்கே போவோம்.

நாசரேத், மெஞ்ஞானபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு அசனத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊர் கூடிச் சாப்பிடுவது அது. சர்ச்சை அங்கே கோயில் என்றுதான் சொல்வார்கள். முந்தின நாள் ராத்திரியே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். விடியுமுன் அடுப்பு எரியும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் குவித்து, துணி போட்டு மூடி வைப்பார்கள். பக்கத்தில் போனாலே முகத்தில் ஆவி அடிக்கும். கறிக்குழம்பு அண்டாவில் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிறவர் மற்ற நாளில் கொத்தனாராக இருப்பார். அன்றைக்குப் பாதிரியாரே அவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்வார். பந்தியில் டாக்டரும் உட்காருவார், பனையேறியும் உட்காருவார். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. எழுந்து வர முடியாத கிழவிக்குத் தூக்குச்சட்டியில் போகும். அந்தக் கிழவி எந்தத் தெரு, யார் வீட்டுத் திண்ணை என்று பரிமாறுகிற பையன்களுக்கு அத்துப்படி. ஆதார் நகல் எதற்கு?

அதே வட்டாரத்தில் வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்துகொண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே பக்கத்துப் புதுக்குடி மக்கள் அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிக் கொடுத்தார்கள். அந்த வட்டாரமெங்கும் தேவாலயம், பள்ளிவாசல் என்று மேட்டில் இருந்த கதவெல்லாம் திறந்தது.

கரண்டு இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. அப்படியிருந்தும் எப்படி முடிந்தது? கருணை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கருணை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு உலை வைக்கிற அண்டா எல்லா ஊரிலும் இல்லை. அசனம் வைக்கிற ஊரில் இருக்கிறது, அம்மன் கொடை நடத்துகிற ஊரில் இருக்கிறது, தர்கா கந்தூரிக்குச் சோறாக்குகிற ஊரில் இருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை படி என்று கணக்குப் பார்க்காமலே சொல்கிற ஆளும் அங்கே இருக்கிறார். வருஷா வருஷம் பண்டிகைக்குப் பழகிய கைதான் வெள்ளத்திலும் துடுப்பைப் பிடிக்கிறது.

இதற்கு வேர் அந்த ஊர்களின் வீட்டு அடுப்பங்கரைகளில் இருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் பழக்கம் அங்கே உண்டு. தூரத்து மிசோரம் தேவாலயங்கள் 1910 முதலே இதை முறையாக நடத்துகின்றன. பிடி அரிசி கொடுக்க முடியாத ஏழை யாரும் இல்லை. ஆகவே வாங்குகிறபோதும் யாரும் தரையைப் பார்க்க வேண்டியதில்லை. போன மாதம் கொடுத்தவர்தான் இந்த மாதம் வாங்குகிறார்.

நாசரேத்துக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு மிஷனரி மர்காசியஸ் அங்கே சோறு போட்டார். கஞ்சித்தொட்டியோடு நிறுத்தவில்லை. 1878-லேயே அவர்களுக்குக் கைத்தொழில் பள்ளி தொடங்கினார். ஒரு வேளைச் சோற்றுக்கு வந்தவர்கள் தச்சராகவும் தையல்காரராகவும் வெளியே போக வழி பிறந்தது.

எங்கள் பக்கத்துத் தேவாலயத்தாருக்கும், உதவ நினைக்கிற மற்ற எல்லாக் கோயில்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த ஃபிளெக்ஸ் காசில் நல்ல கனமான அண்டா ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு ஞாயிறு அதில் சோறாக்கி, கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். நன்கொடையாளர் பெயரை அண்டாவிலேயே வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாலு தடவை அடுப்பில் ஏறினால் கரி அதைக் கவனித்துக்கொள்ளும்.