கொள்ளுப்பாட்டியின் கைரேகை

பணி ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்று சொல்பவர்கள் தோட்டம், யோகா, தீர்த்த யாத்திரை என ஒரு பட்டியலையும் கையில் வைத்திருப்பார்கள். குடும்ப வரலாற்றைத் தேடுவது அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. ஆறு ஆண்டுகளாக அதில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதற்கு நிகரான இன்பத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை.

நம்மில் பலருக்குப் பாட்டனார் பெயருக்கு மேல் தெரியாது. வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் இருக்கிறார்கள். புனித நீராட வருவோரின் பெயர்களை ஊர் வாரியாகவும் குலம் வாரியாகவும் ‘வஹி’ எனப்படும் நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் எழுதிவருகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட ஏடு இல்லை. குடும்பப் பெயரும் இல்லை. தந்தையின் பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்கி நம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. பெண்களின் நிலை இதைவிடப் பரிதாபம். என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் அவரைப் பற்றிய ஒரு கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். இளம் வயதில் கைம்பெண்ணான அவரை ஏமாற்றி, கொள்ளுத்தாத்தாவின் தம்பி கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை அபகரித்துவிட்டார் என்பது அந்தக் கதை. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரே தெருவில் வசித்தும், அந்தப் பங்காளி வீட்டோடு மூன்று தலைமுறையாக எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என் தந்தையார் இறுதிவரை அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தேடலில் இறங்கிய பிறகுதான் ஒரு விவரம் எனக்குத் தெரியவந்தது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களின் படி எழுதப்படும் முதலாம் புத்தகத்தை உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். சான்றிட்ட நகலும் பெறலாம். பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக மற்றோர் அட்டவணை. மூன்று முறை ஊருக்குப் போய்வந்த பின், 1917ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் என் கைக்கு வந்தது.

‘மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமான’ என்ற சொற்களை அடுத்து அவருடைய பெயர் இருந்தது. முதன்முறையாக அதைப் படித்தபோது அலுவலக நடைக்கூடத்து விசுப்பலகையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மா நஞ்சை. விலை 900 ரூபாய். அதில் 700 ரூபாய், காலஞ்சென்ற கணவர் எழுதிக்கொடுத்திருந்த புரோநோட்டுக் கடனுக்கு. மீதி 200 ரூபாய், பதிவாளர் முன்னிலையில் ரொக்கமாக. வீடும் கிணறும் விற்பனையில் சேரவில்லை. சாட்சிகளில் ஒருவர் யார் என்று பார்த்தால், அவருடைய உடன்பிறந்த அண்ணன்!

பத்திரம் பொய் சொல்லாது என்று நான் வாதிடவில்லை. இல்லாத கடனை எழுதிச் சொத்தைக் கைமாற்றியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயினும் சொந்த அண்ணனை அருகில் நிறுத்திக்கொண்டு, கடனைத் தீர்த்து, வீட்டைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு பெண்ணை நாங்கள் நூறு ஆண்டுகளாக ஏமாளி என்று சொல்லிவந்திருக்கிறோம். எழுத்தறியாத அவருடைய பெருவிரல் ரேகையை விவரமறியாமையின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம்.

குடும்ப வரலாறு என்றவுடன் சிலர் அரசவையில் ஒரு மூதாதையைத் தேடப் புறப்படுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. கடன்பட்டவர், கப்பலேறியவர், பள்ளிக்குப் போகாதவர் ஆகியோரே என்னை ஈர்க்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் அகப்படமாட்டார்கள்; தனிநபர் விவரங்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பார்வைக்குத் திறந்துவிடுவதில்லை. பத்திரங்கள், மொய் நோட்டுகள், ஜாதகக் கட்டுகள், பழைய திருமண அழைப்பிதழ்கள், பாஸ் புத்தகங்கள் ஆகியவற்றில்தான் அவர்களைத் தேட வேண்டும். (பாஸ் புத்தகம் கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கோரப்படாத வைப்புத்தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது.) காகிதத்துக்கு முன் மனிதர்களிடம் போங்கள் என்பேன். பதிவு அலுவலகத்துத் தொகுதிகள் அடுத்த ஆண்டும் இருக்கும். என் அத்தையிடம் கேட்க வேண்டியவற்றை நான் எழுதிவைத்துக்கொண்டேனே தவிர, கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

சென்ற ஆவணியில் நகலை எடுத்துக்கொண்டு பங்காளி வீட்டுக்குப் போனேன். எனக்குப் பெரியம்மா முறையாகும் மூதாட்டி ஒருவர்தான் அங்கே மூத்தவர். பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, அவர்கள் வீட்டில் வழங்கிவரும் கதையைச் சொன்னார்: அறுவடைதோறும் எங்கள் வீட்டுக்கு நெல் அனுப்பினார்களாம், வயது வந்த பின் என் பாட்டனார்தான் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதிவு இருக்காது. நம்புவதா, வேண்டாமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

விடைபெறும்போது, தை பிறந்ததும் மீண்டும் வருமாறு பெரியம்மா சொன்னார். பரணில் அவருடைய மாமியாரின் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். சாவியைத்தான் தேட வேண்டும் என்றார்.