ஓட்டை சின்னதுன்னா ஆபரேஷனும் சின்னதா?

"கீ-ஹோல்தானே அண்ணாச்சி, நாலு ஓட்டை போட்டு எடுத்துருவாவ, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துரலாம்." ஆய்க்குடி டீக்கடையில் ஆரம்பிச்சு, நல்லாப் படிச்ச நம்ம பதிவர்கள் வரைக்கும் இதே வசனம்தான். கல்லீரல்ல கட்டின்னாலும் இதேதான். எரிச்சல் தாங்காமத்தான் இந்தப் பதிவு.

குழப்பம் எங்கேருந்து வந்ததுன்னு தெரியுது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துட்டு தெருவுக்கு ரெண்டு பேர் ஜம்முனு நடமாடறாங்க. பித்தப்பை ஒரு பை. அதுக்குப் போற ரத்தக்குழாய்க்கும் அதோட நாளத்துக்கும் கிளிப் போட்டு வெட்டி எடுத்துடலாம். கல்லீரல் அப்படியா? நிமிஷத்துக்கு சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடற உறுப்பு அது. கத்தி வைக்கிற இடமெல்லாம் குழாய்.

அடுத்த தப்பு, கட்டியோட சைஸை மட்டும் பார்த்து 'சின்னதுதான்'னு சொல்றது. ஜப்பான்ல டைசுகே பான்னு ஒரு சர்ஜனும் அவர் கூட்டாளிகளும் 2014-ல் ஒரு மார்க் முறை கொண்டு வந்தாங்க. அப்புறம் அதை விரிச்சு, 12 வரைக்கும் போற 'இவாத்தே அளவுகோல்' ஆச்சு. கட்டி எந்த இடம், எவ்வளவு வெட்டணும், 3 செ.மீ. தாண்டுதா, பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கா, கல்லீரல் எப்படி வேலை செய்யுது... இதுக்கெல்லாம் மார்க். மார்க் ஏற ஏற ஆபரேஷன் கஷ்டம்.

கணக்கைப் பாருங்க. கல்லீரலை 8 பகுதியாப் பிரிப்பாங்க. முன்பக்கம் இடது ஓரத்துல இருக்கிற 3-ஆம் பகுதியில் 4 செ.மீ. கட்டி, அதை மட்டும் சுரண்டி எடுத்தாப் போதும்னா மொத்தம் 2 மார்க். எளிது. அதே மாதிரி எடுக்க வேண்டிய வெறும் 2 செ.மீ. கட்டி 8-ஆம் பகுதியில், பெரிய ரத்தக்குழாய் ஒட்டி, கல்லீரலும் கொஞ்சம் கெட்டுப்போய் இருந்தா? 7! பாதி சைஸ் கட்டிக்கு மூணரை மடங்கு மார்க். ஏன்னா 7, 8 ரெண்டும் விலா எலும்புக்கு உள்ளே, உதரவிதானத்துக்கு அடியில் ஒளிஞ்சிருக்கு. கீழேருந்து நீட்டற நேர்க்கம்பி அங்கே வளைஞ்சு போகணும். ரத்தம் பீறிட்டா, உடனே வயித்தைத் திறக்க வேண்டி வரும்.

இந்த மார்க் போட புது மெஷின் எதுவும் வேண்டாம். எப்படியும் எடுக்கப்போற ஸ்கேன், ரத்த டெஸ்ட், டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்க்கிறது, ஒரு பேனா. அவ்வளவுதான். அப்புறம் ஏன் வயலை அடகு வெச்சுட்டு வந்து நிக்கிற குடும்பத்துக்கிட்ட 'சின்ன ஆபரேஷன்'ங்கிற ஒத்தை வார்த்தை? கேட்டா 'டாக்டரையே கேள்வி கேக்கியா'ன்னு முறைக்கறாங்க. முறைக்கிறது டாக்டர் மட்டுமில்ல, கூட வந்த சொந்தக்காரங்களும்தான் :-)

மார்க் தெரிஞ்சா, திருநெல்வேலியிலேயே முடியுமா, மதுரை, சென்னைன்னு ரயிலேறணுமான்னு முடிவு பண்ணலாம். 2 மார்க் கட்டிக்கு சென்னையில் ரூம் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். 7 மார்க் கட்டியை, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கல்லீரல் பண்ற இடத்துல ஒப்படைக்கவும் வேண்டாம்.

'லேப்ராஸ்கோப்பியே காசு பிடுங்கற வேலை'ன்னு கிளம்பற கோஷ்டிக்கும் சொல்லிடறேன். நார்வேயில் 280 பேரை வெச்சு நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வுல, குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினவங்கள்ல, திறந்து பண்ணினப்போ 31% பேருக்கு சிக்கல், ஓட்டை வழியாப் பண்ணினப்போ 19% பேருக்கு. நம்ம கோயம்புத்தூர் பழனிவேலு இந்த முறைக்கே பேர் போனவர். முறை மேல எனக்குக் குறையில்லை. 'சின்னது'ங்கிற பேச்சு மேலதான்.

மார்க்கே வேதம்னும் நான் சொல்லலை. முன்னாடி பண்ணின ஆபரேஷன் தழும்பு, கீமோ இதெல்லாம் இதுல வராது. 2018-ல் வந்த சவுத்தாம்ப்டன் முறையில்தான் முன்பு நடந்த கல்லீரல் ஆபரேஷனையும் கீமோவையும் சேர்த்தாங்க. சர்ஜனோட கை அனுபவம் இந்த ரெண்டுலயும் கிடையாது. அதைத் தனியாத்தான் கேக்கணும்: "இந்த இடத்துல இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க சார்? பாதியில் திறக்க வேண்டி வந்தது எத்தனை?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மார்க் போட்டு பயந்துக்காதீங்க, போடச் சொல்லிக் கேளுங்க.