பழைய அரைபொறி

யாழ்ப்பாணத்து இல்லங்களிலே கோப்பித்தூளை வீட்டிலேயே ஆக்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். கொட்டையைத் தாச்சியிலிட்டு வறுத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, எஞ்சிய கப்பியை மீண்டும் இடித்துத் தூளாக்குவர் நம் தாய்மார். இத்துணைப் பாடு எதற்கு என்று வினவுவோர் உளர். காரணம் எளியது. சுடுநீர் பட்டதும் நுண்ணிய துகள் தன் சாரம் முழுவதையும் விரைவிலே விட்டுக் கசப்பையும் சேர்த்துத் தந்துவிடும். பருத்த துகளோ சாரத்தை முற்றாக விடாது புளிப்போடு நின்றுவிடும். துகள்கள் ஒத்த அளவின ஆனாலன்றிக் கோப்பி சுவைபடாது. அரிதட்டுச் செய்த பணி இதுவே.

இன்று உரலும் உலக்கையும் பல வீடுகளில் மூலையிலே ஒதுங்கிவிட்டன. கடையில் வாங்கும் தூள் என்றைக்கு அரைபட்டதென்பதை நாம் அறியோம். வறுத்த கொட்டை சில வாரங்கள் மணம் காத்திருக்கும். தூளாக்கிவிட்டாலோ அன்றே மணம் பறக்கத் தொடங்கும். ஆதலின் வேண்டும்பொழுது வேண்டிய அளவே அரைத்தல் நன்று. மிக்சியின் அலகு கொட்டையை வெட்டுமேயன்றி அளவாக அரைக்காது. இக்குறை நீங்கக் கோப்பிக்கடைகளிலே பல்தட்டு அரைபொறியைப் பயன்படுத்துவர். அதன் அமைப்பு நம் பாட்டிமாரின் திருகையைப் போன்றதுதான். திருகையில் மேற்கல் சுழலும்; இதிலே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருக்குத் தட்டுகளுள் கீழ்த்தட்டுச் சுழலும். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் மேலே ஒரு வளையம் உண்டு.

இத்தகைய பொறியைப் புதிதாக வாங்க ஆசிரியரின் சம்பளம் இடங்கொடாது. ஆனால், கடைகள் மூடப்படும்பொழுது பழையவை மலிவாகக் கிடைக்கும். அவ்வாறு கொழும்பிலிருந்து சென்ற ஆண்டு ஒன்றைப் பெற்றோம். இத்தாலியிலே செய்யப்பட்டது, தட்டின் விட்டம் 64 மில்லிமீற்றர். மோட்டார் எரிந்துவிட்டதென்று சொல்லியே விற்றனர். அங்கும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற்று, அலைவெண் 50 ஆதலால், மோட்டார் பிழைத்தால் வேறு மாற்றம் வேண்டியதில்லை.

ஆளியைப் போட்டால் பொறி முனகியதேயன்றிச் சுழலவில்லை. நீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்த்துவிட்டு, “சேர், மோட்டரிலை ஒரு பிழையும் இல்லை, கப்பாசிற்றர்தான் செத்துப்போச்சு” என்றார். ஒற்றை அவத்தை மின்னோட்டத்தால் மட்டும் இத்தகைய மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. இரண்டாம் சுற்றிலே ஓடும் மின்னோட்டத்தை முற்படச் செய்து முதற் சுழற்சியைத் தருவது கொள்ளளவி. அது கெட்டால் மோட்டார் முனகும். அப்படியே விட்டுவைத்தால் சூடேறி உண்மையாகவே எரிந்துபோகும். பழையதில் எழுதியிருந்த மைக்குரோ பரட்டு அளவிலேயே, வோல்ற்று குறையாத புதியதொன்றைப் பொருத்தினோம். அதன் விலை ஒரு கிலோ கோப்பிக்கொட்டையின் விலையிலும் குறைவு.

இவ்வேலையில் உடனிருந்தோர் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் மாணவர் இருவர். கொள்ளளவியின் சமன்பாட்டை ஒரே மூச்சில் ஒப்புவிக்கவல்ல அவ்விருவரும் அதுவரை ஒரு கொள்ளளவியைக் கையிலெடுத்துப் பார்த்தவரல்லர். செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும், இரு முனைகளையும் ஒரு தடையியின் வழியே தொடுத்து வெறுமையாக்கிய பின்னரே அதைத் தொடலாம் என்பதையும் அன்றுதான் கண்ணாற் கண்டனர். இதிலும் பெரிய பாடம் ஒன்று அப்பொறியிலேயே காத்திருந்தது. முன்னர் யாரோ மூன்று முனைச் செருகியை நீக்கி, இரு முனைச் செருகி பூட்டி, புவிக்கம்பியை வெட்டி எறிந்திருந்தனர். உடல் முழுதும் உலோகமாகிய பொறி அது. உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்தால், ஈரக்கையோடு தொடும் பிள்ளையின் கதி யாது? ஆதலால் பழைய கம்பிகளை நீக்கிப் புவிக்கம்பியை மீளத் தொடுத்து, மின்வேலை அறிந்தவர் மானியால் சோதித்த பின்னரே பொறி சமையலறைக்குள் வந்தது. பழைய பொறி வாங்குவோர் அனைவரும் முதலிற் பார்க்கவேண்டியது இதனையே.

துப்புரவு செய்வது பொறுமையின் வேலை. தட்டுகளின் பற்களிடையே பழைய கோப்பியெண்ணெய் தார்போல இறுகிக் கிடக்கும். அதன் சிக்கல் நாற்றம் புதுக்கொட்டையையும் கெடுக்கும். உலர்ந்த தூரிகையாலும் மரக்குச்சியாலும் சுரண்டி எடுத்தல் வேண்டும். உருக்குத் தட்டில் நீர் பட்டால் துருவேறும்.

அடுத்து, கடைக்காக அமைந்ததை வீட்டுக்கு இசைவித்தல். கடையிலே அரைத்த தூள் ஒரு கூட்டிலே சேர்ந்து, நெம்பை இழுக்குந்தோறும் ஓரளவு விழும். இடைவிடாது கோப்பி ஊற்றும் கடைக்கு அது பொருந்தும். வீட்டிலோ காலையில் எஞ்சிய தூள் மாலைவரை அக்கூட்டிலே கிடந்து மணமிழக்கும். அக்கூட்டைக் கழற்றித் தகரவேலை செய்பவரைக்கொண்டு ஒரு சிறு சரிவு வாய் செய்வித்தோம். கிலோக்கணக்கிற் கொட்டை கொள்ளும் மேற்கூம்புக்குப் பதிலாக, ஒரு வேளைக்குரியதை நிறுத்து இடும் சிறு மூடிக்கிண்ணம் வைத்தோம்.

தட்டுகள் இரண்டும் இணையாக நிற்கின்றனவா என்பதைச் சோதிக்க வகுப்பறையில் வெண்பலகைக்கு உதவும் பேனையே போதும். செருகியைக் கழற்றிவைத்து, மேல்தட்டின் விளிம்பிலே மை பூசி, வளையத்தை மெல்ல இறுக்கிக்கொண்டே கீழ்த்தட்டைக் கையாற் சுழற்றுக. மை அழிந்த பக்கம் நெருங்கியிருக்கிறது. அழியாத பக்கம் விலகியிருக்கிறது. விலகிய பக்கத்தில் தட்டின் முதுகிலே உணவு சுற்றும் அலுமினியத் தாளின் சிறு துண்டை வைத்துப் பூட்டினோம். ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் அத்தாளின் கனம். அவ்வளவிலேயே தூளின் அளவு ஒழுங்குபட்டது.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. நம்மவர் கோப்பியோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ப்பர். அவற்றை இப்பொறியில் இடலாகாது. வேர்க்கொம்பின் நார் பற்களிற் சிக்கும், மல்லியின் மணமோ நீங்காது நிற்கும். அவற்றுக்கு உரலே தக்கது. கொட்டை மட்டும் அரைத்தால் பொறி நெடுங்காலம் உழைக்கும். மாதம் அரைக் கிலோ அரைக்கும் குடும்பம் ஆண்டுக்கு அரைப்பது 6 கிலோ. 50 ஆண்டுக்கு 300 கிலோ. கடையில் ஓர் ஆண்டிலே தேயும் தட்டு, வீட்டிலே ஒரு தலைமுறை காணும்.

திருத்திப் பயன்கொள்ளுதல் நமக்குப் புதிதன்று. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாயின. அந்நாளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர் நம் மக்கள். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயால் மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் இயந்திரமும் ஓட்டினர். அவற்றை இயக்கிய கைகள் இன்று முதுமையடைந்துவிட்டன. கப்பல் நிறையப் பொருள் வரும் இக்காலத்திலே, பழுதானதை வீசிவிடுவது பிள்ளைகளுக்கு இயல்பாகிவிட்டது. செல்வம் மிக்க ஐரோப்பிய ஒன்றியமோ, சலவை இயந்திரம், குளிர்ப்பெட்டி, கைப்பேசி முதலியவற்றைத் திருத்திக்கொள்ளும் உரிமைக்கு 2024 ஆம் ஆண்டிலே சட்டமே இயற்றியிருக்கிறது.

வறுமையிலே நாம் கற்ற வித்தையை வசதி வந்ததும் மறந்துவிடலாகாது. உங்கள் ஊரிலும் ஒரு பட்டறையும், அதிலே அறிவு முதிர்ந்த ஒருவரும் இருப்பர். அடுத்த விடுமுறையிலே வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய பொறியொன்றைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, அவரிடம் அனுப்பிவையுங்கள். பொறி திருந்தலாம், திருந்தாமலும் போகலாம். பிள்ளை கற்றது வீண்போகாது.