அப்டேட் ஆனால் மட்டும் போதாது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய கட்டாயம் கொல்லிமலையையும் விடவில்லை. செம்மேட்டில் சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையானாலும், அருவி பார்க்க வருபவர்கள் தங்கும் விடுதியானாலும், கணினி இல்லாமல் வேலை ஓடாது. மாற்றிக் கொடுப்பவர்கள் போகும்போது சொல்வது ஒன்றுதான்: “புது விண்டோஸ் போட்டாச்சு, இனி எல்லாம் பத்திரம். செட்டிங்ஸைத் தொடாதீங்க.” இந்தப் பேச்சு தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“அப்கிரேடே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.”

அப்கிரேட் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைக்கும். எந்த வைஃபையை நம்பலாம் என்று நாம் முன்பு சொன்ன பதிலை அது திருத்தாது. பழைய விண்டோஸில், மற்ற கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியலாமா என்று திரை ஓரத்தில் கேட்டபோது அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்தியிருந்தால், ஃபைல்களை அழிக்காமல் செய்யும் அப்கிரேடில் அந்த அனுமதியும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

தயாரிப்பவர்கள் வைத்துத் தருவதே நமக்கு நல்லது என்றும் நம்பிவிட முடியாது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது ‘எக்ஸ்பிரஸ் செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தியவர்களுக்கு இருப்பிடத் தகவலும் விளம்பர அடையாள எண்ணும் தானாகவே இயங்கத் தொடங்கின. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2017-இல்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும் திரை வந்தது.

“பிரைவேட் என்று வைத்தால்தான் பாதுகாப்பு.”

பலரும் தடுமாறும் இடம் இது. உண்மை நேர்மாறானது. ‘பிரைவேட்’ என்று வைத்தால், இந்த நெட்வொர்க்கில் இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள் என்று கணினியிடம் சொல்கிறோம். அது தன்னை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளும். ஃபைல் பகிர்வையும் அனுமதிக்கும். ‘பப்ளிக்’ என்றால் மறைந்துகொள்ளும். வீட்டில் நாம் மட்டும் பயன்படுத்தும் வைஃபைக்குப் பிரைவேட் சரி. விருந்தினர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுக்கும் விடுதி வைஃபையில் வரவேற்பறைக் கணினி பிரைவேட்டில் இருக்கவே கூடாது.

“இந்த மலைக்கு எவன் வந்து திருடப்போகிறான்?”

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் மனிதன் வர வேண்டும். கணினிப் புழுவுக்கு அந்தச் சிரமம் இல்லை. 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வான்னக்ரை என்ற புழு சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. எந்த ஊர், யாருடைய கணினி என்று அது பார்க்கவில்லை. விண்டோஸின் ஃபைல் பகிர்வு வழி எங்கே திறந்திருக்கிறது என்று தேடி, தானாகவே நுழைந்தது. கேரளத்தின் மலைநாடான வயநாட்டில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டைக்கான அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆகவே அப்டேட்டும் தேவை, பகிர்வு வழியை அடைத்துவைப்பதும் தேவை. அடுத்த ஓட்டை தெரியவரும் நாளுக்கும் அதற்கான அப்டேட் நம் கணினிக்கு வந்துசேரும் நாளுக்கும் நடுவில் அந்தத் தடுப்புதான் துணை.

“மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?”

நம்முடையது இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தவர்களுடையது இருக்கிறது. விண்ணப்பக் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். ஸ்கேன் செய்த ஆதார், ஸ்மார்ட் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் என்று வேலை முடிந்தும் அழிக்காத ஃபைல்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றில் பெரும்பகுதி மலையாளிப் பழங்குடி மக்களுடையது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தன் காகிதம் எந்தக் கணினியில் எப்படிக் கிடக்கிறது என்று தெரியாத பெரியவருக்கும் அந்த உரிமை உண்டு.

“பப்ளிக் என்று மாற்றினால் பிரின்டர் ஓடாது.”

இதில் பாதி உண்மை. இன்னொரு கணினி வழியாகப் பகிரும் பிரின்டர் தடைபடலாம். யுஎஸ்பி கேபிளில் நேராக மாட்டியிருக்கும் பிரின்டருக்கு ஒன்றும் ஆகாது. பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், கடைக்கு ஒரு வைஃபை, வாடிக்கையாளருக்கு வேறொரு வைஃபை என்று பிரித்துவிட்டு, கடையுடையதை மட்டும் பிரைவேட் ஆக்கலாம்.

வேலை சில நிமிடம்தான். செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, அதில் வைஃபை, இணைப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’. அங்கே பப்ளிக், பிரைவேட் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். கணினியிலிருந்து மைக்ரோசாஃப்டுக்குப் போகும் தகவலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்கு ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணையும், கட்டாயமில்லாத ‘டயக்னாஸ்டிக் டேட்டா’வையும் நிறுத்த வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பகுதியையும் பார்க்கட்டும். இணையத்தில் உள்ள பிற கணினிகளோடும் பகிர அங்கே அனுமதி இருந்தால், அவர்களுக்கு அப்டேட் அனுப்ப நம் டேட்டா செலவாகக்கூடும்.

புது விண்டோஸ் போட்டுத் தருபவர் இந்த மூன்றையும் கடைக்காரர் கண்முன்னே திறந்து காட்டி, கேட்டு, மாற்றிக் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்ததுதான் அவர் வாங்கும் கூலிக்கான வேலை. காட்டாமல் கிளம்பினால், கடைக்காரர்களே, உட்காரவைத்துக் கேளுங்கள்.