தறி ஓடும் வீடு எந்த மண்டலம்?

திருவள்ளூர் மாவட்டத்து நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்குள் நாலு தறி போட்டிருப்பவரை மின்வாரியம் விசைத்தறிக்காரர் என்றே பதிவு செய்து, தனிக் கட்டண வகையில் வைத்திருக்கிறது. 2023 மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் அவருக்கு இலவசம். நகர் ஊரமைப்புத் துறையோ ஊரை நிறம் பிரித்துப் பார்க்கிறது. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வயலுக்குப் பச்சை. முன்கூடத்தில் சாமி படம், அடுத்த அறையில் தறி, பின்கட்டில் பாவு என்றிருக்கும் வீட்டுக்கு எந்த நிறம்?

சட்டம் இதை அறவே மறந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மோட்டாரின் குதிரைத்திறனுக்கு வரம்பு வைத்துக் குடியிருப்புப் பகுதிகளில் சிறுதொழிலை அனுமதிக்கின்றன. நாலு தறி பன்னிரண்டாகும்போதுதான் தகராறு. பக்கத்து மனையை வாங்கிக் கொட்டகை போடுகிறார்கள், நூல் லாரி தெருவுக்குள் வருகிறது, இரவு ஷிப்டு தொடங்குகிறது. அப்போதுதான் நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி மனு போகும்.

தெருவில் நடக்கும் விவாதத்தை யாரும் ஊகித்துவிடலாம். 'பிள்ளைக்குப் பரீட்சை, பத்து மணிக்கு மேல நிறுத்துங்க' என்பார் ஒருவர். 'உங்க அப்பாவும் தறி ஓட்டினவர்தானே' என்று பதில் வரும். இரண்டும் நியாயம். ஆனால் அப்பா ஓட்டியது பெரும்பாலும் குழித்தறி. விசைத்தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்பகுதியில் அது 75, 70. மனு ஏற்கப்பட்டு மஞ்சள் ஊதாவானால், பக்கத்து வீட்டுக்காரர் இரவில் கேட்டுத் தீரவேண்டிய சத்தம் தாளில் 45-இலிருந்து 70-க்கு ஏறிவிடும். அவருடைய சுவரில் ஒரு செங்கல்கூடக் கூடியிருக்காது.

எனவே 'குடியிருப்பா, தொழிலா' என்ற கேள்வியே இந்த ஊருக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அக்கம்பக்கத்தாரின் புகார் எல்லாம் நேரம், சத்தம், வண்டி, கழிவுநீர் பற்றியது. இவை அளக்கக்கூடியவை. இரவு ஷிப்டு கூடாது, சுவருக்கு ஒலித் தடுப்பு வேண்டும், லாரி முதன்மைச் சாலையிலேயே நிற்கட்டும் என்று நிபந்தனை எழுதலாம். மீறினால் அனுமதியை நிறுத்தி வைக்கலாம். ஜப்பானில் மண்டல வகைகளை நாடு முழுமைக்கும் தேசியச் சட்டமே வகுக்கிறது. அங்கே வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்குக் குடியிருப்புப் பகுதியில் இடமுண்டு, இலகுரகத் தொழில் பகுதியில் வீடு கட்டத் தடையில்லை. தொல்லையின் அளவைப் பார்க்கிறார்கள்.

சாயப்பட்டறை மட்டும் இந்தச் சமரசத்துக்குள் வராது. பொதட்டூர்பேட்டை இருக்கும் பள்ளிப்பட்டு வட்டத்தின் வழியே வரும் கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டியின் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது. சாயத்துக்கு அக்கம்பக்கம் என்பது அந்த ஏரி வரை நீளும். நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெரிதும் மாசுபடுத்தும் தொழில்களைத் தடுக்கும் 213-ஆம் எண் அரசாணை 1989-லேயே வந்துவிட்டது. நொய்யலை நாசமாக்கிய பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தக் கதை நெசவு ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. தறிக்கும் சாயத்துக்கும் ஒரே மனு, ஒரே அளவுகோல் என்றால், பரிதாபத்துக்குரிய தறியைக் காட்டி ஆபத்தான சாயத்தை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள்.

நிறத்தையே பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதை டெல்லி காட்டியது. குடியிருப்புப் பகுதித் தொழிற்கூடங்களை அகற்றும் உச்ச நீதிமன்ற உத்தரவைச் செயல்படுத்தப் போனபோது, 2000 நவம்பரில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பின்னால் வந்த மாஸ்டர் பிளான் 2021, வீட்டுத் தொழில்களுக்கும் கலப்புப் பயன்பாட்டுக்கும் இடம் கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேலை இழந்தவர்களுக்கு அது எந்த வகையில் உதவியது?

யார் பேசலாம் என்பது அடுத்த சிக்கல். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நிலப் பயன்பாட்டை மாற்றும்போது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். பத்திரிகையின் ஒரு மூலையில் சர்வே எண்களோடு வரும் அந்த விளம்பரத்தைத் தன் தெருவைப் பற்றியது என்று எத்தனை பேர் கண்டுகொள்வார்கள்? கிராமமாக இருந்தால் கிராம சபை உண்டு. பொதட்டூர்பேட்டை பேரூராட்சி, அதனால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகுதி சபை என்ற ஒன்று 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று அதன் கூட்டங்கள் தொடங்கின. தெருவிளக்கு, சாக்கடை பேசும் அந்தச் சபையின் முன் நிலப் பயன்பாட்டு மனுவையும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கிராம சபை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் இதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தேர்வாய்கண்டிகையைச் சுட்டுவார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் அங்கே சிப்காட் ஆனது. ஊர் எதிர்த்தது, பிரெஞ்சு நிறுவனமான மிஷெலினின் டயர் ஆலை வந்தது. 2012-இல் அந்தப் புகார் பிரான்சு வரை போய், பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி நெறிகளைக் கவனிக்கும் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. உள்ளூரில் கேட்காத காதைத் தேடிக் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே கூட்டம் நடந்தது என்று பதிவேட்டில் எழுதினால் போதாது. சபை சொன்னதை ஏற்காத அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.

இன்னொருவரையும் அந்தச் சபைக்கு அழைக்க வேண்டும். மனு போடுபவர் நிலத்துக்காரர், ஆட்சேபிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். கூலிக்குத் தறி ஓட்டுபவர் இரண்டிலும் இல்லை. பட்டா அவர் பெயரில் கிடையாது. பெரும்பாலும் வாடகை வீடு. இரவு ஷிப்டை நிறுத்தினால் குறைவது அவருடைய கூலி, நிறுத்தாவிட்டால் கெடுவது அவருடைய காது. நிபந்தனைகளை எழுதும்போது அவருடைய கணக்கையும் கேட்டு எழுத வேண்டும்.