சொந்த மெயில் சர்வரா? ஸ்பேமை வாசலிலேயே மறிப்பது எப்படி?

ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாள ஏற்பாடுகளையும் செய்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. யாஹூவும் சேர்ந்துகொண்டது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் இதையே கேட்கத் தொடங்கியது. 'அப்போ இனி ஸ்பேம் குறைஞ்சிடும்ல?' என்று சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்கள் நினைக்கலாம். அவ்வளவு லேசில் இல்லை.

இந்த மூன்றும் பார்ப்பது ஒன்றைத்தான்: டொமைன் பெயரைப் போட்டிருப்பவர் அதற்கு உரிமை உள்ளவர்தானா? வங்கியின் பெயரில் வரும் போலி மெயிலை மடக்க இது உதவும். ஆனால், தானே ஒரு டொமைன் வாங்கி, முறையாகக் கையெழுத்துப் போட்டு ஸ்பேம் அனுப்புபவரை என்ன செய்வது? ஆதார் காட்டியவர் திருட மாட்டார் என்று அர்த்தமா என்ன?

அவரை வாசலில்தான் நிறுத்த வேண்டும். ஒரு சர்வர் இன்னொன்றிடம் மெயிலைக் கொடுக்கும் முன் 'நான் இன்னார், இது இன்னாருக்கு' என்று பேசிக்கொள்ளும். 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி முறை இன்றும் இதுதான். அந்தப் பேச்சு முடிவதற்குள் மறுத்துவிட்டால், அனுப்பியவர் நிஜமான ஆளாக இருந்தால் 'போய்ச் சேரவில்லை' என்ற தகவல் அவருக்குப் போகும். வாங்கிவைத்து ஸ்பேம் ஃபோல்டரில் தள்ளினால்? ஆஃபர் லெட்டர் அங்கேயே கிடந்து, பதில் சொல்ல வேண்டிய தேதியும் கடந்துவிடும். வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புவது இன்னும் மோசம். அனுப்புநர் முகவரி போலியாக இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் அது விழும்.

புதிதாக வருபவரை 'கொஞ்சம் கழித்து வா' என்று அனுப்பும் கிரேலிஸ்டிங் முறையும் உண்டு. ஒழுங்கான சர்வர் திரும்ப வரும். ஸ்பேம் நிரல்கள் பல வராது. ஆனால் ஓடிபி-யும் தாமதமாகி, வரும்போது காலாவதியாகியிருக்கும். எல்லோருக்கும் இதைப் போடுவது தலைவலிதான்.

பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. கெட்ட ஐபி முகவரிகளின் பட்டியலை ஸ்பாம்ஹவுஸ் வைத்திருக்கிறது. அதை டிஎன்எஸ் வழியே கேட்கலாம். உங்கள் சர்வர் கூகுளின் 8.8.8.8 வழியாகக் கேட்டால், அந்த இலவசச் சேவை பதில் தராமல் ஒரு பிழைக் குறியீட்டைத் திருப்பும். எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், போச்சு! நல்ல மெயில் உட்பட அத்தனையும் திரும்பிப் போகும். சர்வரிலேயே சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் வைத்துக்கொள்வதுதான் வழி. முதல் இரண்டு வாரங்கள் எதையும் மறுக்காமல் குறி மட்டும் போட்டு, லாக்கைப் படியுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

சொந்த டொமைனில் இன்னொரு வசதி: கடைக்கு ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஸ்பேம் கொட்டினால் அதை மட்டும் மூடிவிடலாம். கசியவிட்டது எந்தக் கடை என்பதும் தெரிந்துவிடும்.